கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய பாடம்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)



இணையவழிப் பாடங்களைத் தயாரிக்கவும் அவற்றைப் பிள்ளைகளிடம் சேர்க்கவும் எந்த மென்பொருள்களைத் தெரிவு செய்வது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நான் ஒரு வைத்தியர். இதைப் பற்றிப் பேச ஒரு கணினிப் பொறியியலாளரை அழைத்திருக்கலாம். எங்கள் சங்கத்தில் அவர்களுக்குக் குறைவில்லை. இந்த விடயத்தில் ஒரு பெரிய பிழையைச் செய்து, அதிலிருந்து கொஞ்சம் படித்துக்கொண்டவள் என்பதால்தான் என்னைக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பிழையை மறைக்காமல் சொல்வதாக இருந்தால் பேசுகிறேன் என்று தலைவி அவர்களிடம் சொன்னேன். "அதைத்தான் சொல்ல வேணும்" என்றார்.

மென்பொருளுக்கு வருமுன் ஓர் அலுமாரியின் கதையைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் படித்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில் படித்தோம். தாள் தட்டுப்பாடு. கொப்பியின் ஓரத்தில் விட்ட இடத்திலும் எழுதிய தலைமுறை நாங்கள். எங்கள் விஞ்ஞான ரீச்சர் கரும்பலகையில் எழுதுவதை ஒரு சொல் விடாமல் பார்த்து எழுதுவோம். அவர் பத்து வருடமாகச் சேர்த்த குறிப்புகள், கையால் வரைந்த படங்கள், பழைய வினாத்தாள்கள் எல்லாம் விஞ்ஞான ஆய்வுகூடத்து அலுமாரியில் இருந்தன. சாவி அவரிடம் இருந்தது.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவைப் பற்றி வலிகாமத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தோம். அம்மா அரிசியும் உடுப்பும் கட்டினார். நான் விஞ்ஞானக் கொப்பியையும் கணிதக் கொப்பியையும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்தேன். நான் பெரிய படிப்புக்காரி என்பதால் அல்ல. சாதாரண தரப் பரீட்சை என்ற பயம்தான்.

சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது ரீச்சரின் சாவி அவருடைய கைப்பையில் பத்திரமாக இருந்தது. அலுமாரிதான் இல்லை. அதன் பிறகு ரீச்சர் தன்னுடைய குறிப்புகளை எப்படித் திரும்ப எழுதினார் தெரியுமா? எங்களுடைய கொப்பிகளைப் பார்த்து எழுதினார். என்னுடைய கொப்பி அவரிடம் மூன்று கிழமை இருந்தது. திருப்பித் தரும்போது, "பிள்ளை, உன்ரை எழுத்துத்தான் விளங்கேல்லை, பாடம் விளங்குது" என்று சொல்லிச் சிரித்தார். நான் வைத்தியராகப் போகிறேன் என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பூட்டி வைத்த பாடம் தொலைந்தது. பகிர்ந்த பாடம் தப்பியது. இன்று நான் சொல்லப் போகும் எல்லாவற்றின் சாரமும் இதுதான். இதை நான் பதினாறு வயதில் கண்ணால் கண்டேன். நாற்பது வயதில் மறந்து போனேன்.

2020 பங்குனி 12ஆம் திகதி பாடசாலைகளை மூடும் அறிவித்தல் வந்தது. மருத்துவ மாணவர்களுக்கான என்னுடைய விரிவுரைகள் சூமுக்குப் போயின. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு, டேட்டாச் செலவு இல்லாமல் அவற்றில் சேர வழி செய்து கொடுத்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இருக்கவில்லை. ஆசிரியைகள் தங்கள் குறிப்புக் கொப்பிகளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். சில படம் நெடுக்காக, சில படம் குறுக்காக, சிலவற்றில் ரீச்சரின் விரலும் சேர்ந்து வந்தது. அவர்கள் கையில் இருந்ததைக் கொண்டு செய்தார்கள். அதற்காக அவர்களை என்றும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

அடுத்த வருடம் சங்கம் ஒரு குழு அமைத்தது. வெளிநாட்டுக் கிளை ஒன்று பணம் தர முன்வந்தது. நல்ல முறையில் இணையவழிப் பாடங்கள் தயாரிக்க ஒரு மென்பொருளைத் தெரிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் நான்கு மென்பொருள்களைப் பார்த்தேன். எனது வீட்டில், எனது மடிக்கணினியில், எனது அகலப்பட்டை இணைப்பில் பார்த்தேன். அதில் ஒன்று கண்ணைப் பறித்தது. படத்தைத் தொட்டால் விளக்கம் வரும். பெயர்களை இழுத்துப் பொருத்தலாம். இதயத்தின் நான்கு அறைகளிலும் குருதி ஓடுவதை அசைவாகக் காட்டலாம். இதயத்தைக் கண்டவுடன் எனக்கு மற்றதெல்லாம் மறந்து போயிற்று. வருடச் சந்தா டொலரில். முதல் வருடத்துக்குக் கிளை கட்டியது.

அதே விஞ்ஞான ரீச்சர் அப்போதும் கல்லூரியில் இருந்தார். ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம். நான்கு மாதம், ஒவ்வொரு பின்னேரமும், சாதாரண தர விஞ்ஞானத்தில் பன்னிரண்டு பாடங்களைச் செய்தார். கணினி அவருக்குப் பழக்கமில்லை. ஒரு பொத்தானை அழுத்த முன் மூன்று முறை யோசிப்பார். "இது நான் விட்டிட்டுப் போறதுக்கு" என்று சொல்லிச் சொல்லிச் செய்தார்.

2022 வந்தது. பங்குனித் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் வைகாசியில் 360 ரூபா அளவுக்குப் போனது. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. வைத்தியசாலைகளில் மருந்து இல்லை. சந்தாவைப் புதுப்பிக்கும் மாதம் வந்தபோது, அந்தப் பணத்தை மருந்து வாங்க அனுப்பி விடுங்கள் என்று கிளைக்குக் கடிதம் எழுதியவள் நான். அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை. மருந்து வந்தது. ஆனால் சந்தா முடிந்ததும் பாடங்கள் திறக்கவில்லை. பாடங்கள் எல்லாம் அந்த நிறுவனத்தின் சேவையகத்தில், அந்த மென்பொருளால் மட்டுமே வாசிக்கக்கூடிய வடிவத்தில் இருந்தன. வெளியே எடுக்க வழி உண்டா என்று வாங்கும்போது நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ரீச்சரின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பிறகு சொன்னார்: "தொண்ணூற்றைஞ்சிலை சாவி இருந்தது, அலுமாரி போச்சு. இப்ப அலுமாரி எங்கேயோ இருக்கு, சாவி போச்சு. என்ன பிள்ளை."

இந்த இடத்தில் என் தொழிலில் இருந்து ஓர் உதாரணம் சொல்ல அனுமதி தாருங்கள். மருந்துக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று பொதுப்பெயர், மற்றது கம்பனி வைத்த வணிகப் பெயர். பொதுப்பெயரில் எழுதிக் கொடுத்தால் நோயாளி எந்த மருந்துக் கடைக்கும் போகலாம், தன் கைக்கு எட்டும் விலையில் வாங்கலாம். இந்த நாட்டில் அந்தப் பழக்கத்துக்காகப் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். நான் ஒவ்வொரு நாளும் பொதுப்பெயரில் மருந்து எழுதுகிறவள். என் கல்லூரிக்கு மட்டும் வணிகப் பெயரில் எழுதிக் கொடுத்து விட்டேன்.

பாடத்துக்கும் பொதுப்பெயர் போன்ற வடிவங்கள் உண்டு. எந்தக் கணினியிலும் திறக்கும் பீடிஎப், எந்தத் தொலைபேசியிலும் கேட்கும் எம்பி3, எம்பி4 காணொளி, சாதாரண இணையப்பக்கம் என்பவை அப்படியானவை. கேள்வி பதிலோடு கூடிய ஊடாட்டப் பாடங்களுக்கு ஸ்கோர்ம் என்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது. 2001இல் வந்த அதன் 1.2 பதிப்பு இன்னும் புழக்கத்தில் உள்ளது. பாடத்தின் பக்கங்களையும், எது முதலில் எது அடுத்தது என்ற பட்டியலையும் ஒரே சிப் கோப்பாகக் கட்டுவதுதான் அது. ஒரு தளத்திலிருந்து இறக்கி இன்னொரு தளத்தில் ஏற்றலாம். நோர்வேயில் உருவான எச்5பி இன்னொன்று. இலவசம், மூல நிரல் திறந்தது, பாடத்தை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு போகலாம். நான் மயங்கிய அந்தச் சித்து வேலைகளில் முக்கால்வாசியை அதிலேயே செய்திருக்கலாம்.

இது எங்களுக்கு மட்டும் நடந்த விபத்து என்று எண்ண வேண்டாம். உலகம் முழுவதும் ஆசிரியர்கள் பிளாஷ் என்ற மென்பொருளில் ஆயிரக்கணக்கான அசையும் பாடங்களைச் செய்து வைத்திருந்தார்கள். 2020 மார்கழி 31ஆம் திகதியோடு அதைத் தயாரித்த அடோபி நிறுவனம் ஆதரவை நிறுத்தியது. உலாவிகள் அதைத் திறப்பதை விட்டன. மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. பாடம் அதைவிடக் கூடிய நாள் வாழவேண்டும்.

அதன் பிறகு குழு மீண்டும் கூடியது. இந்த முறை மென்பொருளின் பெயரில் தொடங்காமல் கேள்விகளில் தொடங்கினோம். ஐந்து கேள்விகள். இவற்றை உங்கள் ஊர்ப் பாடசாலைக்கும், நீங்கள் வாழும் நாடுகளில் நடத்தும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் அப்படியே எடுத்துச் செல்லலாம்.

முதலாவது கேள்வி: வகுப்பில் மிக வசதி குறைந்த பிள்ளையின் தொலைபேசியில் இது திறக்குமா?

கிளினிக்கில் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "டொக்டர், போன் அவரோடை வேலைக்குப் போயிடும். இரவு எட்டு மணிக்குத்தான் பிள்ளையின்ரை கையிலை வரும். மாசக் கடைசியிலை டேட்டாவும் இராது." அந்தப் பிள்ளை எங்கள் கல்லூரியில் படிப்பவள். அன்றிலிருந்து எங்கள் பரிசோதனைக் கருவி எனது மடிக்கணினி அல்ல, அந்தத் தகப்பனின் விரிசல் விழுந்த தொலைபேசி.

கணக்குப் பார்த்தோம். இருபது நிமிடக் காணொளி, நொடிக்கு ஒரு மெகாபிட் என்ற சாதாரண தரத்தில் 150 மெகாபைட் வரும். அதே இருபது நிமிடத்துக்கு ரீச்சரின் குரலை மட்டும் 32 கிலோபிட்டில் பதிந்தால் 5 மெகாபைட்டுக்கும் குறைவு. கொப்பியைத் தொலைபேசியில் எடுத்த பத்துப் படங்கள் 30, 40 மெகாபைட் போகும். அதே பத்துப் பக்கத்தைத் தட்டெழுதிப் பீடிஎப் ஆக்கினால் பெரும்பாலும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். ஆகவே எங்கள் வழக்கம் இப்படி ஆயிற்று: தட்டெழுதிய குறிப்பு ஒன்று, அதற்கு ரீச்சரின் குரலில் விளக்கம் ஒன்று. அசைவைக் காட்டாமல் விளங்காது என்ற இடத்துக்கு மட்டும் இரண்டு மூன்று நிமிடக் காணொளி. குரலைத் திருத்த அவுடாசிட்டி, காணொளியைச் சுருக்க ஹான்ட்பிரேக். இரண்டும் இலவசம்.

இரண்டாவது கேள்வி: தமிழ் தமிழாகத் தெரியுமா?

எங்கள் பாடசாலைகளில் வினாத்தாள்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை. பாமினியில் நீங்கள் அம்மா என்று அடித்தால், கணினி அதை ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்றுதான் பதிந்து வைக்கும். அந்த எழுத்துரு உள்ள கணினியில் அது அம்மாவாகத் தெரியும். பிள்ளையின் தொலைபேசியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பீடிஎப் ஆக மாற்றினால் கண்ணுக்குச் சரியாகும். ஆனால் தேடினால் கிடைக்காது, வெட்டி ஒட்டினால் மீண்டும் குப்பை, பார்வையற்ற பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் எம் கே என்றுதான் வாசிக்கும். யூனிகோட்டில் இந்தத் தொல்லை இல்லை. பாமினியை யூனிகோட்டாக மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒரு முறை கண்ணால் வாசித்துச் சரி பார்க்க வேண்டும். இரசாயனச் சூத்திரங்களும் கணிதக் குறியீடுகளும் மாற்றும்போது தமிழ் எழுத்தாகிச் சிரிப்பு மூட்டும்.

எந்த மென்பொருளையும் வாங்குமுன் அதில் ஸ்ரீ, கௌ, ஔ, ஞா என்று எழுதிப் பாருங்கள். ஒரு முழுப் பந்தியை எழுதிப் பீடிஎப் ஆக்கிப் பாருங்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போனால், மற்ற வசதிகளைப் பார்க்கவே வேண்டாம்.

மூன்றாவது கேள்வி: நாளைக்கே இதை விட்டுப் போக வேண்டி வந்தால் பாடத்தை எடுத்துக்கொண்டு போகலாமா?

இதை விற்பவரிடம் வாயால் கேட்டால் ஓம் என்றுதான் சொல்லுவார். நாங்கள் இப்போது செய்து பார்க்கிறோம். ஒரு சிறு பாடத்தைச் செய்து, வெளியே எடுத்து, வேறொரு கணினியில், வேறொரு மென்பொருளில் திறக்கிறோம். திறந்தால்தான் அடுத்த பேச்சு. இன்னொரு விதியும் உண்டு. ஊடாட்டப் பாடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் எழுத்தும் படங்களும் குரலும் தனித்தனிக் கோப்புகளாகக் கல்லூரியின் கணினியிலும், ஒரு வெளி வன்தட்டிலும், கல்லூரிக்கு வெளியே இன்னோர் இடத்திலுமாக மூன்று இடத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது கேள்வி: நாங்கள் போன பிறகு இதை யார் பார்ப்பார்கள்?

ஆசிரியைகள் இடமாற்றம் பெற்றுப் போவார்கள். தங்கள் சொந்த மின்னஞ்சலில் திறந்த கணக்கின் கடவுச்சொல்லும் அவர்களோடு போய்விடும். கணக்கு எப்போதும் கல்லூரியின் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொற்கள் எழுதிய உறை அதிபரின் இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும். வருடச் செலவு ரூபாவில் எவ்வளவு, இரண்டாம் வருடம் யார் கட்டுவார்கள், பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றையும் எழுதி வைக்காமல் எதையும் தொடங்குவதில்லை.

ஐந்தாவது கேள்வி: பிள்ளையைப் பற்றி இது யாருக்கு என்ன சொல்கிறது?

பெண்பிள்ளைகளின் பாடசாலை என்பதால் இது எனக்கு முக்கியமான கேள்வி. வட்ஸ்அப் குழுவில் சேர்ந்த ஒருவரின் இலக்கம் குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரியும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக் குழுவில் நாற்பது வீட்டு இலக்கங்கள் வெளியே நிற்கின்றன. அதில் எத்தனை தொலைபேசி தமையனின் கையிலோ மாமாவின் கையிலோ இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? தேவையில்லாத அழைப்புகள் வந்த வீடுகளை எனக்குத் தெரியும். கல்லூரிக்கென்று ஒரு தொலைபேசி இலக்கம் எடுத்து, அதிலிருந்து ஒலிபரப்புப் பட்டியலாக அனுப்பினால் ஒருவர் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. பெற்றோர் அந்த இலக்கத்தைத் தங்கள் தொலைபேசியில் சேமித்து வைத்தால் போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாட்டில் உண்டு. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, படம் எல்லாவற்றையும் கேட்கும் இலவசச் செயலியைக் கண்டால், ஏன் கேட்கிறாய் என்று நாங்கள் திருப்பிக் கேட்க வேண்டும்.

சரி, இந்தக் கேள்விகளுக்குப் பிறகு எதைத் தெரிவு செய்தோம்?

ஒரே மென்பொருளில் எல்லாம் என்ற ஆசையை விட்டோம். தயாரிப்பது வேறு, சேர்ப்பது வேறு என்று பிரித்தோம். தயாரிப்புக்கு லிப்ரே ஒபிஸ் போன்ற இலவச மென்பொருள், யூனிகோட்டில். ஏற்கெனவே வேர்ட் உள்ள ஆசிரியைகள் அதிலேயே எழுதலாம், கோப்பு திறந்தால் சரி. சிறு கேள்விப் பயிற்சிகளுக்கு எச்5பி.

சேர்ப்பதற்கு வகுப்பைப் பொறுத்து வழி மாறும். கீழ் வகுப்புகளுக்கு நான் சொன்ன ஒலிபரப்புப் பட்டியல் போதும். பாடம் பெற்றோரின் தொலைபேசியில் இறங்கி நிற்கும், டேட்டா இல்லாத நேரமும் திறக்கும். கூகுள் கிளாஸ்ரூம் 2014இல் வந்தது. ஒப்படை கொடுக்கவும் திருத்தவும் மிக இலகு, சேவையகம் வைத்துப் பராமரிக்கும் வேலையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு வேண்டும். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை தானாகக் கணக்குத் திறக்க முடியாது. ஆகவே அதைத் தரம் 10, 11க்கு, கல்லூரி கொடுக்கும் கணக்குகளோடு வைத்துக்கொண்டோம்.

உயர்தர வகுப்புகளுக்கு மூடில். இது 2002இல் அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ் வெளியிட்ட இலவச மென்பொருள். அவர் மேற்கு அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில் வளர்ந்தவர். பாடசாலை எட்டாத தூரத்தில் இருந்ததால் சிற்றலை வானொலி வழியாகப் பாடம் கேட்டுப் படித்தவர். தூரத்தில் இருந்து படித்த பிள்ளை செய்த மென்பொருள் என்பது அதைப் பயன்படுத்தும்போது தெரிகிறது. பாடத்தைத் தொலைபேசிச் செயலியில் இறக்கி வைத்து இணைப்பு இல்லாமலே படிக்கலாம். ஒரு பாடநெறி முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்து வேறொரு மூடிலில் ஏற்றலாம். ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மென்பொருள் இலவசம், ஆனால் அதை வைத்திருக்கும் சேவையகமும் அதைக் கவனிக்கும் ஆளும் இலவசமல்ல. கவனிக்க ஆளில்லாத பாடசாலை மூடிலைத் தொடாமல் இருப்பது நல்லது.

கல்லூரி நூலகத்துக்குக் கோலிப்ரி. இது இணையம் இல்லாத இடங்களுக்கென்றே செய்யப்பட்டது. ஒரு பழைய கணினியில் நிறுவி, பாடங்களைப் பென்ரைவில் கொண்டுவந்து ஏற்றி, வைபை வழியாக நூலகத்துக்குள் விட்டால், பிள்ளை ஒரு சதம் டேட்டா செலவழிக்காமல் பார்க்கலாம். பாடசாலை விட்ட பின் ஒரு மணித்தியாலம் நூலகத்தைத் திறந்து வைக்கிறோம். அந்த ஒரு மணித்தியாலம் எந்த மென்பொருளிலும் பெரிது.

இன்னொன்று. எல்லாவற்றையும் நாங்களே செய்ய வேண்டியதில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் பீடிஎப் ஆக இருக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் உண்டு. அங்கே நன்றாக இருப்பதைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டு, இல்லாததை மட்டும் செய்வது ஆசிரியைகளின் நேரத்துக்குச் செய்யும் மரியாதை.

கடல் கடந்து இருக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கல்லூரிக்கு உதவ நினைக்கும்போது பெட்டி பெட்டியாக டப்லெட் அனுப்புவதும், ஒரு வருடச் சந்தா கட்டுவதும்தான் முதலில் தோன்றும். அது எனக்கும் தோன்றியது. இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன். மாதம் இரண்டு மணித்தியாலம் தாருங்கள். பாமினியில் கிடக்கும் பழைய குறிப்புகளை யூனிகோட்டாக மாற்றிச் சரி பார்த்துத் தாருங்கள். படம் வரையத் தெரிந்தவர்கள் படங்களைத் தமிழ்ப் பெயர்களோடு வரைந்து தாருங்கள். நல்ல குரல் உள்ளவர்கள் கீழ் வகுப்புப் பாடங்களை வாசித்துப் பதிந்து தாருங்கள். பணம் தர விரும்பினால், மென்பொருளுக்குத் தராமல், கணினிகளைக் கவனிக்கும் ஒரு பிள்ளையின் பகுதிநேரச் சம்பளத்துக்கு, ஐந்து வருடத்துக்கு உறுதியாகத் தாருங்கள். முதல் வருடத்துக்குப் பூமாலையோடு பணம் தரப் பலர் இருக்கிறார்கள். மூன்றாம் வருடத்துக்குத்தான் ஆள் தேவை.

கடைசியாக ரீச்சரின் பன்னிரண்டு பாடங்கள். அந்த நிறுவனத்திடமிருந்து அவை திரும்பவில்லை. ஆனால் ரீச்சர் கணினியில் செய்யுமுன் ஒவ்வொரு பாடத்தையும் சீஆர் கொப்பியில் கையால் எழுதிப் படமும் வரைந்து வைத்திருந்தார். கணினியை அவர் முழுதாக நம்பவில்லை போலும். அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு உயர்தர மாணவிகள் நால்வர் யூனிகோட்டில் தட்டெழுதினார்கள். ஓய்வு பெற்ற ரீச்சர் வந்து நூலகத்தில் இருந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தன் குரலைப் பதிந்தார். இதயத்தில் குருதி ஓடும் அசைவு இல்லை. அம்புக்குறி போட்ட ஒரு படமும், "இப்ப வலது சோணையறையைப் பாருங்கோ பிள்ளையள்" என்ற அவரது குரலும் இருக்கின்றன. எட்டுப் பாடங்கள் முடிந்துவிட்டன. நான்கு மீதி. முடிந்த எட்டும் நூலகத்துக் கணினியில் இருக்கின்றன, மாணவிகளின் வீட்டுத் தொலைபேசிகளில் இருக்கின்றன, கொழும்பில் ஒரு பழைய மாணவியின் வன்தட்டில் இருக்கின்றன, என்னுடைய பென்ரைவிலும் இருக்கின்றன. இன்றைய நிகழ்வு முடிந்து போகும்போது வாசலில் உள்ள மேசையில் உங்கள் தொலைபேசியைக் கொடுத்தால் உங்களுக்கும் ஏற்றித் தருவார்கள். வேறு நாட்டில் இருப்பவர்களுக்குச் சங்கம் அனுப்பி வைக்கும்.

தயவுசெய்து எடுத்துக்கொண்டு போங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தேவை என்பதற்காக அல்ல. ஒருநாள் எங்களிடம் அது தொலைந்து போனால், முன்பு என் கொப்பியைக் கேட்டது போல, உங்களிடம் வந்து கேட்பதற்காக.